பிடி அரிசியும் வெள்ளிக்கிழமைக் கூட்டமும்

இராஜபாளையத்துக்கு அருகில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் 'கல்வியாளர்' என்ற இடத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்தார்கள். கல்லூரியில் முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான பணி அமையாது என்று எண்ணி மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டேன். நான் கலந்துகொண்ட முதல் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. இருபது பேர் கொண்ட குழுவில் வந்திருந்தவர்கள் ஆறு பேர். தலைமையாசிரியரையும் ஆசிரியர் பிரதிநிதியையும் என்னையும் கழித்தால் பெற்றோர் மூவர்.

குழுவின் தலைவி வரவில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. மாலை ஆறரை மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், பள்ளி வாசலில் நின்று தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுச் சென்றார் என்று மறுநாள் அறிந்தேன். எந்தத் தீர்மானத்துக்குக் கையெழுத்திட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

"பெற்றோருக்கு அக்கறை இல்லை சார்" என்றார் தலைமையாசிரியர். அவர் நல்லவர், தம் சொந்தப் பணத்தில் பள்ளிக்கு மின்விசிறி வாங்கிப் போட்டவர். அவர் சலிப்பில் குறை காண மாட்டேன். ஆனால், அதே வாக்கியத்தை நாற்பது ஆண்டுகளாக எல்லா ஆசிரியர் அறைகளிலும் கேட்டு வருகிறேன். கல்லூரியில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். அது தவறான முடிவு என்பதை ஒரு பொருளியல் மாணவன் முதல் ஆண்டிலேயே கண்டுகொள்ள வேண்டும். ஒரு பொருளை மக்கள் வாங்கவில்லை என்றால், அவர்களுக்கு அதில் விருப்பமில்லை என்று சொல்வதற்கு முன்னால் அதன் விலை என்ன என்று கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் கல்வி இலவசம். பள்ளிக்கூடத்துக்கு வந்து அமர்ந்து பேசுவது மட்டும் பெற்றோருக்கு இலவசமாக இல்லை.

சட்டம் என்னவோ தாராளமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கேற்ப இடம் தர வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பதும், 22ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் இக்குழுவின் கடமைகள். இவை சிறு அதிகாரங்கள் அல்ல. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போல அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த ஊர்களில் ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் ஆலோசனை மட்டுமே சொல்லலாம். முடிவெடுக்கும் உரிமை அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு உண்டு. அந்த உரிமை தமக்கு இருப்பதை அறிந்தவர்கள்தாம் குறைவு.

தமிழ்நாட்டில் இக்குழுக்கள் பல ஆண்டுகள் காகிதத்தில் இருந்தன. 2022ஆம் ஆண்டு அரசு அவற்றை மறுகட்டமைப்புச் செய்தது. 15 பெற்றோர் உள்ளிட்ட 20 பேர் குழு, பெற்றோரில் ஒரு பெண்ணே தலைவர், சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை, உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் என அமைப்பு தெளிவாக வகுக்கப்பட்டது. 2024இல் மீண்டும் குழுக்களை அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். அந்த 2022ஆம் ஆண்டு மறுகட்டமைப்பின் தொடக்கமாக மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்த நாள் மார்ச் 20. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் உண்மையிலேயே வர வேண்டும் என்று அரசு விரும்பியபோது ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் பகுதியில் அன்று பள்ளி வளாகத்தில் நிற்க இடமில்லை. அதன்பின் மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கமானபோது அவை அலுவலகங்களுக்கு வசதியான வெள்ளிக்கிழமைப் பிற்பகலுக்குப் போய்விட்டன.

இராஜபாளையத்தின் பிற்பகல் மூன்று மணியை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலை முதல் இன்றுள்ள ஆலைகள் வரை இவ்வூரின் காலத்தை வகுப்பது சங்கும் ஷிப்டும். பிற்பகல் மூன்று மணி என்பது ஒரு ஷிப்டு முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தை ஒட்டியது. காலை ஷிப்டு முடித்தவர் உறங்க வேண்டும். மாலை ஷிப்டுக்குப் போகிறவர் கிளம்ப வேண்டும். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் விசைத்தறிகளில் ஓடிய அளவுக்குத்தான் கூலி. தறியை நிறுத்தினால் வருமானம் நின்றுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோப்புகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து வயல்களிலும் வேலை செய்பவர்கள் விடியலில் போய்விட்டுப் பிற்பகலில் திரும்புவார்கள். அவர்களுக்கு மூன்று மணி ஒருவேளை ஒத்துவரலாம். சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்கு வண்டியேறிச் செல்பவர்களுக்கு அது சற்றும் ஒத்துவராது. ஒரே வட்டாரத்துக்குள்ளேயே இத்தனை கடிகாரங்கள் ஓடுகின்றன. அனைவருக்கும் ஒரே நேரத்தை ஒரு சுற்றறிக்கை குறித்துவிடுகிறது.

பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு கருத்து உண்டு. ஒன்றைச் செய்வதற்காக நாம் கைவிடும் இன்னொன்றின் மதிப்பே அது. ஒரு கூட்டத்துக்கு வரும் தாய் கைவிடுவது அரை நாள் கூலி. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். தறிக்கூடத்தில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்துக் கூட்டங்கள், கூட்டத்துக்கு அரை நாள் என்றால் ஐந்து நாள் கூலி, 1,595 ரூபாய். பள்ளிக்காக ஓர் ஏழைத் தாயிடம் ஆண்டுதோறும் நாம் வாங்கும் மறைமுகக் கட்டணம் இது. மாதச் சம்பளம் பெறும் என் போன்றோர் இதே கூட்டத்துக்கு வந்தால் ஒரு ரூபாயும் இழப்பதில்லை. 'அக்கறை'யில் காணப்படும் வேறுபாட்டில் எத்தனை பங்கு இந்தக் கட்டணத்தின் வேறுபாடு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். மாநிலத்தில் ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகள். பள்ளிக்கு 15 பெற்றோர் உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் அந்த 1,595 ரூபாயை அமர்வுப்படியாகக் கொடுத்தால்கூட ஆண்டுக்குச் சுமார் 89 கோடி ரூபாய் ஆகும். 2024-25 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது 44,042 கோடி ரூபாய். நூறு ரூபாயில் இருபது காசு. ஊராட்சி மன்ற வார்டு உறுப்பினருக்கு அமர்வுப்படி உண்டு. பல்கலைக்கழகக் குழுக்களில் அமர்ந்த எனக்குப் பயணப்படியும் தேநீரும் கிடைத்தன. தன் குழந்தையின் பள்ளியை நிர்வகிக்க வரும் தாய்க்கு மட்டும் ஏன் இல்லை என்பதற்கு நியாயமான விடை எனக்குத் தோன்றவில்லை. பணம் கொடுத்தால் தொண்டு மனப்பான்மை கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். கூலி இழக்காதவர்கள்தாம் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள்.

ஆயினும் பணம் மட்டுமே வழி என்று நான் கூறவில்லை. பங்கேற்பின் வடிவத்தை வாழ்க்கையின் வடிவத்துக்கு ஏற்ப அமைத்தால் செலவே இல்லாமல் போய்விடும். அதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. விருதுநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலையை ஊர் மக்கள் 'பிடி அரிசி' கொண்டு வளர்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சோறாக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். குழந்தைகளிடம் கட்டணம் கிடையாது. காமராசர் படித்த பள்ளி அது.

இந்த ஏற்பாட்டைப் பலரும் ஈகைக்கு எடுத்துக்காட்டாகப் பேசுவர். எனக்கு அதன் வடிவமைப்புத்தான் வியப்பளிக்கிறது. ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பவர் வீட்டுப் பெண். அதற்காக அவர் எங்கும் போக வேண்டியதில்லை; வேலையை விட வேண்டியதில்லை; யார் முன்னும் நின்று பேச வேண்டியதில்லை. உலை வைக்கும் நேரத்தில் அடுப்படியிலேயே பள்ளிக்கூடம் அவருக்கு நினைவு வந்தது, அதுவும் நாள்தோறும். எவ்வளவு வறிய வீட்டாலும் கொடுக்க முடிந்த அளவு அது. கொடுத்த பின் பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை தானாக வந்தது. குறைகள் அதிலும் உண்டு. ஒரு சமூகத்தார் தம்மவர்க்காகக் கட்டிய ஏற்பாடு அது. எல்லா வீட்டு அரிசியும் எல்லாப் பள்ளிக்கும் சேராத காலம். அரசுப் பள்ளி வந்ததன் தேவையே அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால், அரசுப் பள்ளி வந்தபோது அடுப்படிக்கும் பள்ளிக்கும் இருந்த அந்தக் கயிறு அறுந்துபோனது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதை மீண்டும் கட்டும் முயற்சி காமராசர் ஆட்சியிலேயே நடந்தது. 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஊரார் நன்கொடையை நம்பியே முதலில் நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியலிட்டு ஊரார் முன்வைத்தார்கள்; கட்டடம், கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், குடிநீர்ப் பானை என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதிகாரி ஊருக்குள் போய் மக்களோடு உட்கார்ந்தது அந்த மாநாடுகளின் சிறப்பு. இன்று மக்களை அதிகாரியின் நேரத்துக்கு வரச் சொல்கிறோம்.

இடைக்காலத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இருந்தன, இருக்கின்றன. அவை பல பள்ளிகளில் நல்ல பணி செய்துள்ளன. ஆனால், தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவை இரண்டு: ஆண்டுத் தொடக்கத்தில் கட்டும் சந்தா, பொதுத் தேர்வுக்கு முன் வாங்கும் வினா வங்கிப் புத்தகம். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் ஒன்று பணம் கேட்பார்கள், அல்லது பிள்ளையைப் பற்றிக் குற்றம் சொல்வார்கள் என்பது வழிவழியாக வந்த அனுபவம். இதுவும் ஒரு விலைதான். இதற்குப் பெயர் மானம்.

இந்த விலையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பள்ளிக்கு வரும் தந்தையை 'வாங்க' என்று சொல்கிறோமா 'வா' என்று சொல்கிறோமா என்பது, பல ஊர்களில் அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. கூட்டத்தில் சிலருக்கு நாற்காலி வரும். சிலர் சுவரோரமாக நிற்பார்கள், யாரும் நிற்கச் சொல்லாமலே. பெண் தலைவராக இருக்கும் குழுவில் அவர் கணவர் வந்து பேசுவதும், அதை எல்லாரும் இயல்பாக ஏற்பதும் கண்கூடு. நலிந்த பிரிவினருக்கு இடம் தரும் சட்டம் நாற்காலியையும் தருவதில்லை. அதைத் தலைமையாசிரியர்தாம் தர வேண்டும். வட்டமாக நாற்காலி போட்டு எல்லாரையும் உட்காரச் செய்தல், தலைவியை முதலில் பேசவிடல், எல்லாரையும் மரியாதைப் பன்மையில் அழைத்தல் ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வரும் நாளில் தாமே அப்படி நடந்து காட்டினால் போதும். எந்தப் பயிற்சிக் கையேட்டைவிடவும் அது விரைவாகப் பரவும்.

நேரத்தையும் மானத்தையும் சரிசெய்தால் பெற்றோர் வருவார்கள். வந்தபின் அவர்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதில்தான் பல நாடுகளில் பல திட்டங்கள் சறுக்கின. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ருக்மிணி பானர்ஜி உள்ளிட்டோர் பிரதம் அமைப்புடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அங்கிருந்த கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றி ஊரில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. உறுப்பினர்களிலேயே சிலருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியாது. சில ஊர்களில் கூட்டம் போட்டு, குழுவின் உரிமைகளை விளக்கினார்கள். வேறு சில ஊர்களில் குழந்தைகளின் வாசிப்புத் திறனை ஊராரே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பங்கேற்பிலோ, ஆசிரியர் வருகையிலோ, குழந்தைகளின் கற்றலிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிப்பு கற்பிக்கும் எளிய முறையைப் பழக்கி மாலை வகுப்பு நடத்தச் செய்தார்கள். அங்கு மட்டும், எழுத்தே அறியாதிருந்து வகுப்புக்கு வந்த குழந்தைகள் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார்கள்.

விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்று நம்பும் நமக்கு இது கசப்பான செய்தி. மக்களிடம் உரிமையை எடுத்துச் சொன்னார்கள். அதைக் கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். செய்யத்தக்க ஒரு வேலை கையில் கொடுக்கப்பட்டபோது செய்தார்கள். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இந்த வகையைச் சேர்ந்தது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய மாலை நேரத்தில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பெடுத்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். அவர்களில் பலர் தாய்மார்கள். பள்ளிக்கூட வாசலில் தயங்கி நின்ற தாய் பக்கத்துத் தெரு வகுப்பில் தயங்கவில்லை. மேலாண்மைக் குழுக்களை இவர்களோடு இறுகப் பிணைக்கும் வாய்ப்பு இன்னும் மீதியிருக்கிறது.

இந்தோனேசியாவின் ஜாவாவில் நடந்த ஆய்வும் நமக்கு நேரடியாகப் பொருந்தும். பள்ளிக் குழுக்களுக்கு மானியம் கொடுத்ததாலும் பயிற்சி அளித்ததாலும் கற்றலில் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. குழுவை ஊராட்சி அமைப்புடன் இணைத்து, இரு தரப்பும் கூடித் திட்டமிடச் செய்தபோது மாணவர்களின் கற்றல் உயர்ந்தது. காரணம் எளிது. தாய்மார் கூடி 'கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும்' என்று தீர்மானம் போட்டால், தண்ணீர்க் குழாய் ஊராட்சியின் கையில் இருக்கிறது. நம்மிடம் கிராம சபை இருக்கிறது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகராட்சிகளில் அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் பகுதி சபைகளும் தொடங்கப்பட்டன. ஒவ்வொரு கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானங்களுக்கு முதல் அரை மணி நேரம் ஒதுக்கி, சென்ற முறை கேட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஊராட்சித் தலைவர் பதில் சொல்ல வேண்டும் என்று விதித்தால், அடுத்த கூட்டத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியிராது. தாம் பேசியது எங்கோ போய்ச் சேர்ந்தது என்று அறிந்தவர் மறுமுறை வருவார். இப்போது தீர்மானங்கள் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றப்படுகின்றன. பதிவேற்றியவருக்கு நிம்மதி, தீர்மானம் போட்ட தாய்க்குப் பதில் வந்ததா என்பது வேறு.

அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு காட்சி. 2022 ஜூலையில், காலியாக இருந்த 13,331 ஆசிரியர் பணியிடங்களை மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. தொகுப்பூதியம் குறைவு, முறையைக் குறித்து எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நீதிமன்றத்துக்கும் சென்றது. அந்த முடிவின் நன்மை தீமையை நான் இங்கு ஆராயவில்லை; ஆசிரியர் நியமனம் தொழில்முறைத் தேர்வு வாயிலாக நடப்பதே சரி என்பது என் கருத்து. நான் கண்டது இதைத்தான்: அதுவரை குழு என்று ஒன்று இருப்பதையே அறியாதிருந்தவர்கள் அந்த ஒரு வாரம் 'யார் யார் உறுப்பினர்' என்று டீக்கடையில் விசாரித்தார்கள்.

வெளிநாட்டுச் சட்டம் ஒன்றையும் குறிப்பிடலாம். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழைக் குழந்தைகளுக்கான மத்திய நிதியில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பெறும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் அதில் குறைந்தது ஒரு விழுக்காட்டைப் பெற்றோர் ஈடுபாட்டுக்கென ஒதுக்க வேண்டும். அந்தத் தொகையில் பத்தில் ஒன்பது பங்கு பள்ளிகளுக்கே போய்ச் சேர வேண்டும். எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோரையும் கலந்துகொள்ள வேண்டும். இந்த விதியில் எனக்குப் பிடித்தது, மாவட்ட நிர்வாகத்தின் கையைக் கட்டியிருப்பது. நம் முதன்மைக் கல்வி அலுவலரிடம் பெற்றோருக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேட்டால் பயிற்சிக்கும் சுவரொட்டிக்குமான கணக்கு கிடைக்கலாம். கூட்டத்துக்கு வரும் தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மாலைக் கூட்டம் முடிந்து திரும்ப ஒரு வண்டி, விடுமுறையில் வரும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு என்று கேட்டால் எந்தத் தலைப்பிலும் இடமிருக்காது.

விருதுநகர் மாவட்டத்தின் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்தில் முதலிடம் என்பது எங்களுக்குப் பல ஆண்டுகள் வழக்கமான செய்தி. 2017, 2018 ஆகிய ஆண்டுகளிலும் நாங்கள்தாம் முதல். அதே 2018இல், வளர்ச்சியில் பின்தங்கியவையாக மத்திய அரசு கண்டறிந்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் விருதுநகர் இடம்பெற்றது. குழந்தைத் தொழிலாளர் மீட்புக்கான தேசியத் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் சேர்ந்த இடங்களில் சிவகாசியும் ஒன்று. அந்தக் குழந்தைகளின் தலைமுறைதான் இன்று பெற்றோர். பள்ளியைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தேர்ச்சி பெறவும் வைத்திருக்கிறார்கள். இவர்களைப் பார்த்து அக்கறையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் தாய்க்கு எழுத்து தெரியாது. மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைப்பார். வைப்பதற்கு முன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தந்தை ஆலைத் தொழிலாளி. இரவு ஷிப்டு வாரங்களில் அவரை நாங்கள் விழித்திருக்கக் காண்பதே அரிது. ஆனால், இரவில் அம்மா சமைக்கும்போது நான் உரக்கப் படிக்க வேண்டும் என்பது வீட்டு விதி. சொற்கள் அவருக்குப் புரிந்தனவோ இல்லையோ, நான் தடுமாறும் இடம் அவர் காதுக்குத் தெரியும். "அதைத் திரும்பப் படி" என்பார். என் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிகள் இருவர் என்று சொல்வதுண்டு; ஒருவர் பெயர்தான் ஆய்வேட்டில் இருக்கிறது.

எழுத்தறியாத தாயால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். பீகாரிலும் இராஜஸ்தானிலும் நடந்த ஓர் ஆய்வில், தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தியதும், குழந்தையுடன் வீட்டில் செய்யத்தக்க எளிய பயிற்சிகளைக் கொடுத்ததும் குழந்தைகளின் கணக்குத் திறனைச் சிறிதளவேனும் உயர்த்தின. சிறிதளவுதான், மாயம் எதுவும் நிகழவில்லை. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். அதையே மதிப்பெண்ணாக இல்லாமல், 'உங்கள் மகள் இரண்டெழுத்துச் சொற்களைப் படிக்கிறாள். சிறு வாக்கியம் வரும்போது நிற்கிறாள். இந்த மாதம் இரவில் பத்து நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்' என்று தாயிடம் சொல்லலாம். அவர் எங்கும் போக வேண்டியதில்லை. உலை கொதிக்கும் நேரமே போதும்.

எங்கள் குழுவின் கதைக்கு வருகிறேன். முறைப்படியான கூட்டம் வெள்ளிக்கிழமைதான் நடந்தது. பதிவேடு அதற்குச் சாட்சி. அதற்கு முந்தைய ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, சமையலுக்கும் சந்தைக்கும் முன்னால், பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் கூடலாம் என்று தலைவியே யோசனை சொன்னார். தலைமையாசிரியர் சிறிது தயங்கி ஒப்புக்கொண்டார். முதல் ஞாயிறு ஏழு பெற்றோர் வந்தார்கள். மூன்றாம் மாதம் பதினொருவர். பேச்சு பெரும்பாலும் குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், பேருந்து நேரம் என்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது கூட்டம் முடியும் தறுவாயில் தலைவி, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துப் படித்தார். ஆறாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்.

கணித ஆசிரியர் பதிவேட்டைக் கொண்டுவர உள்ளே போனார். யாரும் எழுந்து போகவில்லை.